மட்டையைப் பெரியவன் கையில குடு, மருமவனே

மருமவனே, நீ அனுப்புன படத்தைப் பாத்தேன். உங்க அத்தையும் பாத்தா. ஏழெட்டுச் சதுரம் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் அடியில இங்கிலீசுல பேரு எழுதி, "மாமா, தார்சாவுக்கு எந்தக் கலரு?"ன்னு கேட்டிருந்த. எனக்கு எல்லாச் சதுரமும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. உங்க அத்தை கண்ணாடியப் போட்டு உத்துப் பாத்துட்டு, "எல்லாம் அரிசி களைஞ்ச தண்ணி நெறம். அதுல மொதத் தண்ணியா ரெண்டாந் தண்ணியான்னு கேக்காரு மாப்பிள்ளை"ன்னா. லிட்டர் என்ன விலைன்னு நான் படிச்சுச் சொன்னதும் பேசாம அடுக்களைக்குப் போயிட்டா.

மாமனார் வீட்டுக்குத் தன் துட்டுல பெயிண்ட் அடிக்க நெனைக்கிற மாப்பிள்ளை இந்தத் தாமிரவருணிக் கரையில எத்தனை பேரு இருக்கான்? நான் குத்தம் சொல்லல. உன் ஏற்பாட்டையும் முழுசாக் கேட்டேன். டவுன்லருந்து காண்ட்ராக்டரு வருவான், ஆளுங்களைக் கூட்டிட்டு வருவான், பட்டி பாப்பான், பிரைமர் அடிப்பான், அதுக்கு மேல ரெண்டு கோட்டு எமல்சன். நீங்க ரயிலை விட்டு எறங்கும்போது வீடு தயாரா இருக்கும். பொங்கல் அன்னைக்குச் சர்க்கரைப் பொங்கலும் வடையும் ஓட்டல்லருந்து வந்துரும், எம் மவ அடுப்புல கெடந்து வேகக் கூடாதுல்லா. கரும்புகூடத் தோலு சீவித் துண்டு போட்டு டப்பாவுல வருதாம். சரி, பெரியவனுக்கும் சின்னவளுக்கும் என்ன சோலின்னு கேட்டேன். "அவங்களுக்கு என்ன மாமா வேலை, ஜாலியா இருக்கட்டும், ஊரை என்ஜாய் பண்ணட்டும்"ன்ன. சொல்லி வாய மூடல. அடுத்த மூச்சுல, "எப்பப் பாத்தாலும் போனையே நோண்டுறாங்க மாமா, வீட்டுல ஒரு துரும்பைக் கிள்ளிப் போட மாட்டேங்கிறாங்க"ன்னு அழுத.

நான் ஒண்ணும் பேசல. கிள்ளிப் போடுததுக்கு வீட்டுல ஒரு துரும்பு பாக்கி வச்சிருக்கியான்னு மட்டும் யோசிச்சேன்.

புள்ளைங்க கதை பெறவு. முதல்ல சுவத்துக் கதையச் சொல்லிருதேன். 2023 டிசம்பர் 17, மார்கழி பொறந்த அன்னைக்கு மழை எறங்குச்சுல்லா, அந்தக் கதை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல பேய்ஞ்சுது. நீங்க அப்பத்தான் சென்னையில மிக்ஜாம் புயல் தண்ணியிலருந்து எந்திரிச்சு ஈரப் பாயைக் காயப் போட்டுக்கிட்டு இருந்திய. இங்க ஆறு கரையத் தாண்டி வளவுக்குள்ள வந்துட்டு. நீங்க ஏறி வாரியளே செந்தூர் எக்ஸ்பிரசு, அது ஸ்ரீவைகுண்டம் ஸ்டேசன்லயே நின்னுட்டு. ஏறக்குறைய 800 பேரு உள்ள. தண்டவாளத்துக்குக் கீழ இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அடிச்சுட்டுப் போயிட்டு. பக்கத்து ஊர்ச் சனங்க இருந்த அரிசிய ஆக்கிப் போட்டாவ. நம்ம தெருவுல கரண்டு இல்ல, போன் இல்ல. இடுப்பளவு தண்ணியில வீடு வீடாப் பால் பாக்கெட்டு கொண்டு வந்து குடுத்தது யாருன்னு நெனைக்க? முடியச் சிலுப்பி விட்டுக்கிட்டு டீக்கடை வாசல்ல நிக்கிற பயலுவதான். அதுக்கு முந்தின நாள் வரைக்கும் இந்தத் தெரு அவனுவளுக்கு வச்சிருந்த பேரு உருப்படாத மூதிங்க.

தண்ணி வடிஞ்சுட்டு. சுவத்துல கோடு வடியல. அந்தக் கோட்டுக்குக் கீழ கையால தடவினா மாவு உதிரும், வெள்ளை வெள்ளையா உப்பு பூத்து நிக்கும். உன் காண்ட்ராக்டரு அது மேல பட்டிய அப்பி எமல்சனை அடிப்பான். தை மாசம் பளபளன்னு இருக்கும், மாசியும் தாங்கும். சித்திரை வெயிலுக்கு உள்ள கெடக்கிற ஈரம் வெளிய வர வழி தேடும். எமல்சன் தோலு கட்டி வழிய அடைச்சிருக்கும். பெறவென்ன, கொப்புளம் கொப்புளமா வந்து உரியும். நீ அப்பச் சென்னையில ஏசி போட்டுக்கிட்டு இருப்ப, உரியிறதப் பாத்துக்கிட்டு நாந்தான இங்க கெடக்கணும்.

இது எங்க பாட்டன் கட்டின சுவரு, செங்கலும் சுண்ணாம்புக் காரையும். சிமிட்டி வச்சுப் பூசுனா ஓதம் உள்ளுக்குள்ளயே இன்னும் மேல ஏறும். பழைய பூச்சக் கோட்டுக்கு ஒரு முழம் மேல வரைக்கும் கொத்தி எடுத்து, நல்லாக் காய விட்டு, சுண்ணாம்புக் காரையாலயே திரும்பப் பூசணும். அது கொத்தனார் சோலி. புரட்டாசி வெயில்லயே முடிச்சுத் துட்டும் குடுத்தாச்சு. உன்கிட்டச் சொல்லலன்னு கோவிக்காத, சொல்லியிருந்தா நீ அதுக்கும் ஒரு கம்பெனியப் புடிச்சிருப்ப. இப்பப் பாக்கி இருக்கது வெள்ளையடிப்பு ஒண்ணுதான்.

சுண்ணாம்பு நீத்துறத நீ பாத்திருக்க. உம் புள்ளைங்க பாத்ததில்ல. பெரிய மண் தாழியில தண்ணிய ஊத்திக்கிட்டு, சுட்ட கிளிஞ்சலைக் கொஞ்சங் கொஞ்சமா உள்ள போடணும். தண்ணிக்குள்ளதான் சுண்ணாம்பு போகணும், சுண்ணாம்பு மேல தண்ணிய ஊத்துனா மூஞ்சியில தெறிக்கும். பிளாஸ்டிக் வாளியில போட்டா வாளி இளகிரும். அடுப்பு இல்ல, நெருப்பு இல்ல, தண்ணி தன்னால தளதளன்னு கொதிக்கும். அன்னைக்குப் பெரியவன் போன்ல கெடைச்சப்ப இதச் சொன்னேன். "ம்", "சரி", "தெர்ல", இந்த மூணுக்கு மேல நாலாவது வார்த்தை அந்தப் பய வாயிலருந்து வந்து எத்தனை நாளாச்சுன்னு நீயே சொல்லுவ. அன்னைக்கு மடை தொறந்துட்டு. "தாத்தா, அது கால்சியம் ஆக்சைடு, தண்ணியோட சேந்தா வெப்பம் வெளிய வரும். சுவத்துல அடிச்ச பெறகு காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்து கால்சியம் கார்பனேட்டா மாறும். ரெண்டு மூணு நாள்ல சுவரு மினுங்குதே, அதுதான் காரணம்"ன்னான். சிபிஎஸ்இ பத்தாங்கிளாசு சயின்ஸ் புத்தகத்துலயே இருக்காம். சின்ன வயசுலருந்து வெள்ளையடிக்க மட்டை புடிக்கேன், சுவரு ஏன் மினுங்குதுன்னு இப்பத்தான் எனக்குத் தெரியும்.

பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கிட்டானாம். "நெசமாவே கொதிக்குமா தாத்தா?"ன்னு கேட்டான். வருசத்துக்கு அம்புட்டு பீசு கட்டுத. ஒரு சிரட்டை சுண்ணாம்ப வாங்கித் தண்ணியில போட்டுக் காட்ட உனக்குத் துட்டு பத்தலையா மருமவனே?

அடுத்த புகாருக்கு வாரேன். பத்து மணி வரைக்கும் தூங்குதான், எழுப்பினா எரிஞ்சு விழுதான். இத நம்ம ஆஸ்பத்திரி டாக்டரம்மாகிட்டக் கேட்டேன், பிரசர் மாத்திரை வாங்கப் போனப்ப. 13 வயசுலருந்து 18 வரைக்கும் ஒரு நாளைக்கு 8லருந்து 10 மணி நேரம் தூங்கணுமாம். அதுவும் தூக்கத்த வரவைக்கிற சுரப்பு இந்த வயசுல ராத்திரி நேரங்கழிச்சுத்தான் சுரக்குமாம், அதனால பதினோரு மணிக்கு முன்னால கண்ணு சொருகாதாம். ஒடம்பு போடுற கணக்கு அது. போன் அதுல கொஞ்சம் வட்டி போடும், அம்புட்டுத்தான். நீ என்னடான்னா விடியக்காலம் அஞ்சு மணிக்குப் போர்வைய உருவிட்டு, "சூரியனுக்குப் பொங்கல் வைக்கிற நாளு, எந்திரிடா"ன்னு கத்தினா, அவன் சூரியன் மேலயும் சேத்துல்லா கோவப்படுவான்.

உன்ன எழுப்ப எங்க அக்கா செம்புத் தண்ணியோட நின்ன கதையெல்லாம் நான் எடுக்க மாட்டேன். 1995 பொங்கல மட்டும் எடுப்பேன். பாட்ஷா படம் வந்த பொங்கலு. மாட்டுப் பொங்கல் அன்னைக்குத் தொழுவத்தக் கழுவணும், மாட்டக் குளிப்பாட்டணும், கொம்புக்குச் சாயம் அடிக்கணும். நீ "டியூசன்"னு சொல்லிட்டுத் திருநவேலிக்குப் பஸ் ஏறுன. மாட்டுப் பொங்கலுக்கு எந்த வாத்தியாரு டியூசன் எடுப்பாரு? மாட்டுக்கா எடுத்தாரு? ராத்திரி வந்து எறங்குன, மறுநாள் காலையில எங்க வீட்டுப் புறவாசச் சுவத்துல காவியால ஒரு ஆட்டோ நிக்கி. மூணு சக்கரமும் ஒரே பக்கம். எங்க அக்கா வாரியலத் தூக்குனா, நாந்தான் குறுக்க விழுந்து தடுத்தேன். அதுக்கு மேல வருசா வருசம் வெள்ளை அடிச்சு ஆட்டோ மறைஞ்சு போச்சு. வெள்ளத்துல மேப்பூச்சு உரிஞ்சப்ப ஒரு சக்கரம் வெளிய வந்துட்டு. கொத்தனாரு கொத்த வந்தான். "இந்த எடத்த விட்டுரு, பேரப்புள்ளைங்களுக்குக் காட்ட வேண்டியது இருக்கு"ன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ நம்ம பேச்சக் கேட்டு நடந்தேன்னா சக்கரத்த மறைச்சு ஒரு சாக்கத் தொங்க விடுவேன். இல்லன்னா உன் இஷ்டம்.

இப்பப் புத்திமதிக்கு வாரேன். புள்ளைங்க இனி ஏழு சென்மத்துக்கும் மட்டையத் தொடக் கூடாதுன்னு உனக்கு எண்ணம் இருந்தா, அதுக்கு வழி ரொம்ப லேசு. ஏணிக்குக் கீழ போயி நின்னுக்கோ. "அங்கன விட்டுட்ட, இங்கன திட்டா நிக்கி, மேலருந்து கீழ இழு, மட்டைய ஒதறாத"ன்னு ஓயாமச் சொல்லிக்கிட்டே இரு. ஒரு பத்து நிமிசத்துல அவன் மேல ஏறி நிக்கிறத போட்டோ எடுத்துச் சொந்தக்காரங்க குரூப்புல போடு, "எங்க வீட்டுக் குட்டிப் பெயிண்டர்"ன்னு எழுதி. மீசை அரும்புன பயல குட்டின்னு நாலு ஊருக்குச் சொல்லிட்டேல்லா, பாதி வேலை முடிஞ்சுது. உன் தம்பி மவன் எவ்வளவு சுறுசுறுப்புன்னு அந்த நேரம் பாத்து எடுத்து விடு. இதுக்கும் அவன் அசரலன்னா கடைசி அஸ்திரம் ஒண்ணு இருக்கு. அவன் அடிச்சு முடிச்ச சுவத்த, அவன் பாத்துக்கிட்டு இருக்கும்போதே, நீ மட்டைய வாங்கி மறுபடி அடி. பெறவு அவன் உன் வீட்டுல ஒரு பல்பக்கூட மாத்த மாட்டான், நீ நிம்மதியா எலக்ட்ரீசியனுக்குப் போன் போடலாம்.

அந்த எண்ணம் இல்லன்னா நான் சொல்லுறபடி செய். சென்னையில நீங்க இருக்கது வாடகை பிளாட்டு. ஒரு ஆணி அடிக்கணும்னா ஓனரக் கேக்கணும். சின்னவ போன தடவ வந்தப்போ, "தாத்தா, இங்க சுவத்துல எதுனா ஒட்டலாமா?"ன்னு பயந்து பயந்து கேட்டா. பொறந்ததுலருந்து ஒரு சுவத்த தன்னதுன்னு சொல்ல வழியில்லாத புள்ளைங்க. அதுங்ககிட்டப் போயி வீட்டுல ஒட்டுதல் இல்லன்னா என்ன அர்த்தம்? தார்சாவுல தெக்குச் சுவரு முழுக்கப் பெரியவனுக்கு. திண்ணையும், அதுக்கு அடியில காவிப் பட்டையும் சின்னவளுக்கு. காவிப் பட்டை நேரா வரணும்னா கையில பொறுமை வேணும், அது உன் வம்சத்துலயே அவளுக்கு மட்டுந்தான் இருக்கு. மத்த சுவத்தையெல்லாம் நீயும் எம் மவளும் அடிங்க. அடிச்சு ரொம்ப நாளாச்சுன்னு சொல்லாத, கை மறக்காது. வலிக்கும், அது வேற.

போனப் புடுங்கி ஒளிச்சு வைக்காத. சுவரு எத்தனை சதுர அடி, அதுக்குச் சுண்ணாம்பு எத்தனை கிலோ, நீலம் எம்புட்டுன்னு அவனே தட்டிப் பாக்கட்டும். எந்தப் பாட்ட வேணாலும் போட்டுக்கிடட்டும். அந்தப் பாட்டு எனக்குப் புரியாது, ஆனா டும்மு டும்முன்னு அடிக்கிற அடிக்கு மட்டை நல்லா ஓடும்னு தோணுது. செலவுக் கணக்கு சின்னவ கையில. ஒரு நோட்டப் போட்டுக் குடுத்துரு. கவனம், அவ கணக்கு எழுத ஆரம்பிச்சா, சுண்ணாம்பு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு நீ ஸ்ரீவைகுண்டத்துல புரோட்டா தின்ன துட்டும் அதுல ஏறும்.

நீத்துறது என் சோலி, அத யாருக்கும் விட மாட்டேன். கொதிக்கும்போது எல்லாரும் தள்ளி நின்னு பாக்கணும். வரும்போது அமேசான்லயோ எங்கயோ கண்ணுக்குப் போடுற பிளாஸ்டிக் கண்ணாடி ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டு வா. சுண்ணாம்பு கண்ணுல பட்டா வெளையாட்டு இல்ல, நிறையத் தண்ணி விட்டு அலசிக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். கையில தேங்காண்ணெய் தேச்சுக்கிட்டா தோலு அரிக்காது. ஏணி நம்ம பழைய மூங்கில் ஏணி, அவன் ஏறும்போது நீ புடிச்சுக்கோ. புடிக்கிறது மட்டுந்தான் உன் சோலி, புடிச்சுக்கிட்டே பேசக் கூடாது.

ஒண்ணு முன்னாடியே சொல்லி வைக்கேன். மொதக் கை அடிக்கும்போது சுவத்துல ஒண்ணுமே தெரியாது. ஈரச் சுண்ணாம்பு தண்ணியாத்தான் ஓடும். அடிச்சோமா அடிக்கலையான்னே சந்தேகம் வரும். பெரியவன் எரிச்சல்ல திக்கா அப்புவான், திக்கா அப்புனா காஞ்சு பொடிஞ்சு விழும். உனக்கு நாக்கு துருதுருன்னு வரும், "தண்ணியா அடிடா"ன்னு சொல்ல. சொல்லாத. வெத்தலையப் போட்டு வாய அடைச்சுக்கோ. மத்தியானம் சோறு தின்னுட்டு வந்து அவனே சுவத்தப் பாப்பான், மெல்லிசா அடிச்ச எடம் வெள்ளையாயிருக்கும், அப்புன எடம் வெடிச்சிருக்கும். அவன் சுரண்டிட்டுத் திரும்ப அடிப்பான். அடிக்கலன்னாலும் கெடக்கட்டும், நம்ம வீட்டுச் சுவருதான, பொண்ணு பாக்கவா வாராவ.

வாசக் கதவு மட்டும் புள்ளைங்க கைக்குப் போகக் கூடாது. அந்தப் பச்சை உங்க கல்யாணத்துக்கு அடிச்சது. வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டுல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம் அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதுக்கு முந்தின ஆயில் பெயிண்டுல எம்புட்டு ஈயம் இருக்கோ யாரு கண்டா. உப்புத்தாள வச்சு வறவறன்னு தேச்சா தூசி பூரா மூக்குக்குள்ள போகும், வளர்ற புள்ளைக்கு ஆகாது. ஈரம் தொட்டுத் தேய்க்கத் தெரிஞ்ச ஆசாரி ஒருத்தன் இருக்கான், மூஞ்சியக் கட்டிக்கிட்டு அவன் பாத்துக்கிடுவான். நீயும் அந்தப் பக்கம் போகாத. போனா அவனுக்கும் யோசனை சொல்லுவ.

எம் மவகிட்ட ஒரு சேதி சொல்லிரு. போகி வருதுன்னு சின்னவ அலமாரிய அவ பள்ளிக்கூடம் போன நேரம் பாத்து ஒதுங்க வைக்காண்டாம். உடைஞ்ச கிளிப்பு, பேனா மூடி, என்னத்தையோ கிறுக்குன காயிதம், எல்லாம் குப்பைன்னு உங்களுக்குத் தோணும். போன வருசம் அப்படித்தான் எதையோ தூக்கிப் போட்டு, புள்ள தை பொறந்தும் வாயத் தொறக்கல. எரிக்கிறதும் வேண்டாம். 2018 போகியில சென்னையில எரிச்ச பொகையில விமானமே நேரத்துக்கு எறங்க முடியாமப் போச்சு, நெனப்பிருக்கா? நம்ம பக்கம் எரிக்கிறது எப்பவுமே பெரிசா கெடையாது. தூத்துப் பெருக்கி, பாத்திரம் பண்டத்தக் கழுவிக் கவுத்துனா முடிஞ்சுது.

ஓட்டல் பொங்கலுக்கு வாரேன். அது ருசியாத்தான் இருக்கும், முந்திரிப்பருப்பு கூடவே கெடக்கும். ஆனா டப்பா மூடியத் தொறந்ததும் உங்க அத்தை குலவை போடணுமா? வாசல்ல கோலம் போட்டு, கட்டி வச்சு, மஞ்சக் கொலை சுத்தின பானைய ஏத்தி, பனை ஓலையத் தள்ளித் தள்ளி எரிச்சு, கண்ணுல பொகை ஏறி எல்லாரும் அழுதுக்கிட்டே நிக்கும்போது பால் பொங்குமே, அப்பக் குலவை போட்டாத்தான அதுக்கு ஒரு ஞாயம். ஓலை தள்ளுறது பெரியவன் சோலி. தீ எரிக்கச் சொன்னா எந்த விடலைப் பயலும் போனக் கீழ வச்சுருவான், நான் பாத்திருக்கேன். கரும்ப முழுசா வாங்கி வச்சிருக்கேன், பல்லால கடிச்சு உரிச்சுத் தின்னட்டும். பனங்கெழங்கு அவிக்கிற அன்னைக்கு மட்டும் எனக்கு நார எடுத்துக் குடுக்க ஒரு ஆளு வேணும், சின்னவளச் சொல்லியிருக்கேன்.

அவளப் பத்தி இன்னும் ஒண்ணு. உங்க அத்தை மார்கழி முச்சூடும் வாசக் கோலத்துல சாணி உருண்டை வச்சு, அதுல பூசணிப்பூவும் செம்பருத்தியும் சொருகி, சாயங்காலம் அத வறட்டியாத் தட்டிக் காய வச்சு அடுக்கிக்கிட்டே வாரா. எதுக்குன்னு உனக்குத் தெரியும், சிறுவீட்டுப் பொங்கலுக்கு. நம்ம பக்கத்துப் பொம்பளைப் புள்ளைங்க பொங்கலு அது. களிமண்ண வச்சு முத்தத்துல ஒரு சின்ன வீடு கட்டி, அதுல வாசலு, அடுக்களை, அடுப்பு எல்லாம் வச்சு, சின்னப் பானையில பொங்குவாங்க. பெறவு அந்தப் பூ வறட்டியையும் இலையில கொஞ்சம் பொங்கச் சோத்தையும் வச்சு, கற்பூரம் கொளுத்தி, ஆத்துல விட்டுட்டு வருவாங்க. இந்த வருசம் சின்னவகிட்டக் கேட்டா, "தாத்தா, அது சின்னப் பசங்களுக்கு"ங்கா. பதிமூணு வயசாயிட்டுல்லா, கெழவியாயிட்டா.

நீ போயி, "நம்ம கலாச்சாரம், பண்பாடு"ன்னு ஆரம்பிச்சேன்னா அந்தப் புள்ள அன்னைக்கே செத்த மாதிரி முழிக்கும். நான் வேற வழி பண்ணியிருக்கேன். பக்கத்து வீட்டுல ஆறு வயசுல ஒண்ணு, எட்டு வயசுல ஒண்ணு இருக்கு. "இதுகளுக்கு வீடு கட்டத் தெரியல, களிமண்ணு சரிஞ்சு சரிஞ்சு விழுது, மேஸ்திரியா நின்னு நீ கொஞ்சம் சொல்லிக் குடும்மா"ன்னேன். உடனே என்ன அளவுன்னு கேக்கா. மாடி வைக்கலாமாங்கா. அடுக்களைக்குத் தடுப்புச் சுவரு வேண்டாமாம், இப்ப எல்லாம் தொறந்துதான் இருக்கணுமாம். உங்க அத்தை கன்னத்துல கை வச்சுக்கிட்டா, அடுக்களைக்குச் செவுரு இல்லன்னா கருவாட்டு வாடை தார்சா வரைக்கும் வராதான்னு. ரெண்டு பேரும் போன்லயே அரைமணி நேரம் சண்டை. அந்தச் சிறுவீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் வேணுமான்னு பெரியவன் பின்னாலருந்து கேட்ட சத்தமும் என் காதுல விழுந்துச்சு. நான் கேக்காதது மாதிரி இருந்துட்டேன்.

காணும் பொங்கலுக்குச் சொந்தக்காரங்க எல்லாம் வருவாவ. வந்து உக்காந்ததும் "என்னப்பா, பிளஸ் ஒண்ணுல என்ன குரூப்பு, எத்தனை மார்க்கு?"ன்னு ஆரம்பிப்பாவ. அதுக்கும் ஏற்பாடு இருக்கு. தொழுவத்துச் சுவத்த மட்டும் அடிக்காம விட்டு வச்சிருப்பேன். மார்க்கு கேக்குற ஆள் கையில மட்டையும் வாளியும்.

இதுல உங்களுக்கு என்ன லாபம் மாமான்னு நீ கேப்ப. கூலி மிச்சம், வேற என்ன? உன் காண்ட்ராக்டரு நேத்து அளவெடுக்க வந்தான். "மாப்பிள்ளை வேண்டாம்னுட்டாவ"ன்னு நானே சொல்லி அனுப்பிட்டேன். கோவப்படாத, சக்கரத்த நெனச்சுக்கோ. குடுத்த அட்வான்சத் திருப்பித் தர முடியாதுன்னுட்டான். பேசிப் பாத்ததுல ரெண்டு டப்பா பிரைமர் தந்தான், வாங்கி மச்சுல வச்சிருக்கேன். மிச்ச நட்டத்த இந்த வருசம் உங்களுக்குத் தர வேண்டிய பொங்கப்படியில கழிச்சுக்கிடுதேன், எம் மவகிட்டச் சொல்லாண்டாம்.

ஒரே ஒரு சிக்கல். பெரியவன் எனக்குத் தனியா மெசேஜு போட்டிருக்கான், தெக்குச் சுவத்துக்குக் கூலி என்னன்னு. வீட்டு வேலைக்குக் கூலியாடான்னு கேட்டேன். காண்ட்ராக்டரு ஆளுக்கு அப்பா பேசுன கூலிய எப்படியோ தெரிஞ்சு வச்சுக்கிட்டு, அதுல பாதி தந்தாப் போதும், தாத்தாவுக்கும் லாபம்ங்கான். அந்தப் பாதியிலயும் சின்னவ கமிசன் கேக்கா, கணக்கு எழுதுற கூலியாம். உங்க அத்தை அவங்க பக்கம் சேந்துட்டா. இன்னும் பேசி முடியல.